காகம் ஏமாளி இல்லை

காகத்தை ஏமாளி என்று சொல்கிறவர்கள் காகத்தோடு பழகியிருக்க மாட்டார்கள். நான் பழகியிருக்கிறேன். மின்கம்பத்தில் ஏறி இறங்கிப் பிழைத்தவன் நான். பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வேலையில் பாதி காகக் கூட்டோடுதான். வேப்பமரமும் புங்கமரமும் பக்கத்திலேயே இருந்தாலும், சில காகங்களுக்குக் கம்பத்துக் குறுக்குச் சட்டம்தான் பிடிக்கும். மரக்கிளை காற்றில் ஆடும், இரும்பு ஆடாது என்று கணக்குப் போடுகின்றனவோ என்னவோ. சுள்ளி கிடைக்காத ஊரில் கட்டுக்கம்பியை எடுத்துவந்து கட்டும். அந்தக் கம்பியின் ஒரு நுனி ஒரு லைனையும் மறுநுனி இன்னொரு லைனையும் தொட்டுவிட்டால் படாரென்று ஃபீஸ் போகும். தெருவே இருண்டுவிடும். திட்டு மட்டும் எங்களுக்கு.

கிட்டத்தில் பார்த்தால் காகக் கூடு ஒரு சின்னப் பழைய இரும்புக் கடை. வெளிச்சுற்றில் கருவேலஞ் சுள்ளி, கட்டுக்கம்பி, அறுந்த ஒயர். ஒரு கூட்டில் மூக்குக் கண்ணாடியின் ஒற்றைக் காதுகூட இருந்தது. உள்ளே கை விட்டால் அத்தனையும் மெத்து. தேங்காய் நார், கந்தல், தலைமயிர் எல்லாம் சேர்த்துக் கிண்ணம்போல அழுத்தி வைத்திருக்கும். அதற்குள் பச்சையும் நீலமும் கலந்த வெளிர்நிற முட்டைகள், மேலே பழுப்புப் புள்ளி. சில கூடுகளில் அவற்றோடு கொஞ்சம் சிறிதான ஒன்றிரண்டு. சாம்பல் கலந்த பச்சை, செம்பழுப்புப் புள்ளி. அவை குயிலுடையவை.

அப்போது எனக்கு மீசை புதுசு, நியாயமும் புதுசு. உலகத்தில் நடக்கிற அக்கிரமம் எல்லாம் என் கண்ணில்தான் முதலில் படுகிறது என்ற நினைப்பு. லைன் கிளியர் வாங்கி, எர்த் போட்டு, கயிறு கட்டி மேலே ஏறியிருந்தேன். கூட்டைப் பார்த்ததும் கீழே நின்ற ஃபோர்மேனிடம் கத்தினேன்.

"அண்ணே, இதுல ரெண்டு குயில் முட்டை கிடக்கு. எடுத்துப் போட்டுரவா?"

வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார். "எந்த ரெண்டு?"

சொல்ல வாயெடுத்தவன் மறுபடி கூட்டைப் பார்த்தேன். ஒன்று நிச்சயம் சின்னது. இன்னொன்று அளவில் இடைநடு. காகத்தின் முட்டைகளே ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று அடர்த்தி, ஒன்று வெளிறல். அந்த இடைநடுவை எந்தப் பக்கம் சேர்ப்பது? என் தலைக்கு மேலே இரண்டு காகங்கள் கரைந்து சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று வந்து தலைக்கவசத்தில் ஓங்கி ஒரு போடு போட்டது.

"ராவும் பகலும் அதுமேல உக்காந்திருக்கு காக்கா. அதுக்கே தெரியாததை நீ அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சிட்டியாக்கும்? தொங்குற கம்பியை மட்டும் வெட்டிட்டு இறங்குடா தம்பி."

வெட்டிவிட்டு இறங்கினேன். லைனுக்கு இடைஞ்சல் இல்லாத கூட்டை அவர் கலைக்க விட்டதே இல்லை. குஞ்சு பறக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்பார். காகத்தின் மேல் பாசமா, இன்னொரு முறை ஏற வேண்டாமே என்ற சோம்பலா தெரியாது. இரண்டும் இருந்திருக்கும். அவர் கேட்ட "எந்த ரெண்டு?" மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பேரன் பேத்திகள் உபயத்தில் பறவைப் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கியபோதுதான், உலகம் முழுக்கப் பறவை ஆராய்ச்சிக்காரர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக அதே கேள்வியோடுதான் மல்லுக்கு நிற்கிறார்கள் என்று தெரிந்தது.

முதலில் நம் குயிலின் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். பாடுவது கருத்த ஆண்குயில். பெட்டை பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. இலைக்குள் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆண் கூட்டுப் பக்கம் வந்து கூவி வம்பிழுக்கும். காகம் துரத்திக்கொண்டு ஓடும். அந்தச் சந்தில் பெட்டை போய் முட்டையிட்டு வந்துவிடும் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். போகிற போக்கில் காகத்தின் முட்டை ஒன்றைக் காலி செய்துவிட்டுப் போவதும் உண்டு. குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும். காக முட்டை அதைவிட ஏறக்குறைய மூன்று நாள் பிந்தும். அந்த மூன்று நாள்தான் குயில் குஞ்சின் முதல். முந்திப் பிறந்தவன் முந்தி வாய் திறக்கிறான், முந்தி வளர்கிறான். குயில் குஞ்சு காகக் குஞ்சைக் கீழே தள்ளிக் கொல்வது எப்போதும் நடப்பதில்லை. இரண்டும் ஒரே கூட்டில் வளர்ந்து பறப்பதும் உண்டு. பெரும்பாலும் பசிதான் காகக் குஞ்சை மெலியவைக்கிறது.

ஐரோப்பியக் குயில் வேறு ரகம். அதன் குஞ்சு பொரிந்து கண்கூடத் திறக்காத பருவத்திலேயே, கூட்டில் இருக்கிற முட்டையையும் குஞ்சையும் ஒவ்வொன்றாக முதுகில் ஏற்றி வெளியே உருட்டிவிடும். இதை முதலில் நேரில் பார்த்து எழுதியவர் எட்வர்ட் ஜென்னர். அம்மைத் தடுப்பூசியின் தந்தை என்று பள்ளியில் படித்தோமே, அவரேதான். 1788இல் எழுதினார். அந்தக் குஞ்சின் முதுகில் ஒரு குழிவு இருக்கிறது, சில நாளில் அது தூர்ந்துவிடுகிறது என்பதுவரை குறித்திருந்தார். பிறந்த குஞ்சு இத்தனை பாதகம் செய்யுமா என்று பலர் நம்பவில்லை. வெகுகாலம் கேலி பேசினார்கள். அம்மை குத்துவதைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே மனுஷன் ராயல் சொசைட்டியில் உறுப்பினரானது இந்தக் குயில் கட்டுரையால்தான் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

அப்படியானால் கூடு கட்டுகிற பறவை கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதா? இல்லை. வாசலிலேயே தொடங்குகிறது சண்டை. குயிலைக் காகம் துரத்துவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் விக்கன் ஃபென் என்ற சதுப்பு நிலத்தில் நாணல் குருவிகளை நிக் டேவிஸ் என்பவர் பல்லாண்டுகளாகக் கவனித்து வருகிறார். அங்கே குயிலுக்கு முட்டையிடப் பத்து விநாடி போதும். அதற்குள் குருவிகள் பார்த்துவிட்டால் கூட்டமாகக் கூடி இரைந்து விரட்டும். இதில் எனக்கு வியப்பாகப் பட்டது ஒன்று: குயிலை விரட்டத் தெரியாத குருவி, பக்கத்து வீட்டுக் குருவி விரட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. பொம்மைக் குயிலை வைத்துச் சோதித்து 2009இல் டேவிஸும் வெல்பெர்கனும் இதை வெளியிட்டார்கள். சொந்த வீட்டில் களவு போன பிறகுதான் புத்தி வரவேண்டும் என்பதில்லை போலும்.

குயிலும் சும்மா இருக்குமா? ஐரோப்பியக் குயிலின் நெஞ்சில் குறுக்குக் கோடுகள், பார்வைக்குப் பருந்து இனம்போல. குருவி பயந்து கிட்டே வரத் தயங்கும். இதற்கு நாம் இங்கிலாந்து போகவேண்டியதே இல்லை. சித்திரை வெயிலில் தோப்புக்குள் 'அக்கா அக்கா' என்று தொண்டை கிழியக் கத்துகிற அக்காக்குயிலைப் பாருங்கள். பறக்கிற விதம், வாலில் பட்டை, கிளையில் வந்து உட்காருகிற தோரணை எல்லாம் அச்சு அசல் வல்லூறு. அது முட்டையிடுவது தவிட்டுக்குருவிகளின் கூட்டில். சுடலைக்குயிலும் அங்கேதான் இடும். தவிட்டுக்குருவியின் முட்டை நல்ல நீலம். சுடலைக்குயிலின் முட்டையும் அதே நீலம்.

வட அமெரிக்காவில் மஞ்சள் வார்ப்ளர் என்று ஒரு சின்னக் குருவி. அதன் கூட்டில் முட்டையிட வருவது கௌபேர்டு. அது வருவது தெரிந்தால் வார்ப்ளர் ஒரு தனிக் குரல் கொடுக்கும். பூனைக்கோ பருந்துக்கோ அந்தக் குரல் இல்லை, கௌபேர்டுக்கு மட்டும். அதைக் கேட்டதும் பெட்டைகள் ஓடிப்போய்த் தங்கள் கூட்டில் அழுத்தி உட்கார்ந்துகொள்ளும். அதையும் மீறி முட்டை விழுந்துவிட்டால்? அந்தச் சின்ன அலகால் பெரிய முட்டையைத் தூக்க முடியாது. அதனால் அந்த முட்டையை, தன் முட்டைகளையும் சேர்த்து, அப்படியே மூடி, மேலே புதிதாக ஒரு கூடு கட்டிவிடும். மறுபடி வந்து இட்டால் மறுபடி ஒரு தளம். இப்படி ஆறு அடுக்குவரை உயர்ந்த கூடுகளைப் பார்த்திருக்கிறார்கள். அத்தனை அடியிலும் அதன் சொந்த முட்டைகளும் புதைந்து கிடக்கும்.

வாசலில் தோற்றால் அடுத்த போர் முட்டையில். ஆப்பிரிக்காவின் சாம்பியாவில் ஒரு கதிர்க்குருவி இருக்கிறது. நம் ஊர் வேலியோரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டி, செங்கல் நிறத்தில் பளபளவென்று முட்டையிடுகிற சாம்பல் கதிர்க்குருவிக்குப் பங்காளி. சாம்பியாக் குருவியின் விசேஷம், ஒரு பெட்டையின் முட்டை இன்னொரு பெட்டையின் முட்டைபோல இருக்காது. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. மேலே கிறுக்கல், புள்ளி, தீற்றல் என்று ஆளுக்கொரு வகை. ஆனால் ஒரே பெட்டை இடுகிற முட்டைகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கையெழுத்து என்றே சொல்கிறார்கள். பறவைகள் இப்படி முட்டையில் கையெழுத்து வைக்கக்கூடும் என்று 1918லேயே சுவின்னெர்ட்டன் என்பவர் ஊகித்திருந்தார். கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் சாம்பியாவில் கூடு கூடாக முட்டைகளை மாற்றி வைத்துப் பார்த்து 2010இல் விளக்கினார்: நிறம், புள்ளியின் அளவு, அது சிதறிக் கிடக்கிற விதம் எல்லாவற்றையும் அந்தக் குருவி சரிபார்க்கிறது. திருட்டு முட்டை இடுவது குயில்ஃபிஞ்ச் என்ற பறவை. அதுவும் பலவகை முட்டை இடும். ஆனால் எந்தப் பெட்டையின் கூட்டில் எது பொருந்தும் என்று அதற்குத் தெரியாது. பொருந்தினால் பிழைத்தது, இல்லாவிட்டால் வெளியே.

இந்தக் கையெழுத்துக் காவல் தேவைப்படாத ஊரில் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. நம் தூக்கணாங்குருவிக்கு உறவான ஆப்பிரிக்க நெசவுக்குருவி ஒன்றை 200 ஆண்டுகளுக்கு முன்பே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கரீபியன் கடலில் இருக்கிற ஹிஸ்பானியோலா தீவுக்குக் கொண்டுபோனார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரீஷியஸுக்கும் போயிற்று. இரண்டு தீவிலும் அதன் பழைய எதிரியான குயில் இல்லை. 2005இல் டேவிட் லாட்டி என்பவர் அளந்து பார்த்தபோது, பெட்டைக்குப் பெட்டை முட்டையில் இருந்த வேறுபாடு மங்கியிருந்தது. ஒரே கூட்டின் முட்டைகளுக்குள் இருந்த ஒழுங்கும் குலைந்திருந்தது. கூட்டல் கழித்தலில் இருந்து கயிற்று முடிச்சுவரை, கையிலிருந்து நழுவிய எத்தனையோ வித்தைகளை நினைத்துக்கொண்டேன். தேவை போனால் வித்தையும் போகிறது. அதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை.

எனக்கு அதிகம் வேலை கொடுத்தது அடுத்து வருவது. பறவைக்குத் தன் முட்டை எது என்று எப்படித் தெரிகிறது? பிறக்கும்போதே தெரியாது. முதல் முறை இட்டதைப் பார்த்துப் பழகுகிறது. ஜப்பானில் நாகானோ பக்கத்தில் பெரிய நாணல் குருவிகளைக் கவனித்த ஆர்னான் லோட்டமும் நாகமுராவும், வயதான பெட்டைகள் அயல் முட்டையை அடையாளம் கண்டு தள்ளுகின்றன, முதல் முறை கூடு கட்டுகிற இளம் பெட்டைகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன என்று கண்டார்கள். படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பார்த்தீர்களா, வயசுக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்று மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அடுத்த பக்கத்தையும் வாசியுங்கள் என்றாள்.

அடுத்த பக்கத்தில் இருந்தது இது. முட்டையைக் கற்றுக்கொள்கிற பறவை ஏன் குஞ்சைக் கற்றுக்கொள்ளவில்லை? தன்னைப்போல நாலு மடங்கு பெருத்த குயில் குஞ்சின் தோளில் ஏறி நின்று ஊட்டுகிறதே, கண் இல்லையா? லோட்டம் 1993இல் இதற்கு ஒரு விடை சொன்னார். முட்டையில் கற்றால் நஷ்டம் குறைவு. முதல் கூட்டில் குயில் முட்டை கலந்திருந்தாலும் பக்கத்தில் தன் முட்டைகளும் இருக்கும்; இரண்டையும் தன்னுடையது என்று கற்கும், அவ்வளவுதான். குஞ்சு அப்படி இல்லை. ஐரோப்பியக் குயில் குஞ்சு மற்றதை எல்லாம் வெளியே தள்ளிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கும். முதல் வருஷமே அந்தக் கூட்டுக்கு அப்படி ஒரு குஞ்சு வாய்த்துவிட்டால், 'என் பிள்ளை இப்படித்தான் இருக்கும்' என்று அந்தத் தாய் படித்துக்கொள்ளும். அடுத்த வருஷம் தன் சொந்தக் குஞ்சு பொரிந்தால் அதை அந்நியன் என்று தள்ளிவிடும். அதற்கடுத்த வருஷமும். ஆயுசு முழுக்க. அதைவிட ஒன்றும் கற்காமல் வாய் திறந்ததற்கெல்லாம் ஊட்டிவிட்டுப் போவது லாபம்.

அனுபவம் ஆசான் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தவன் நான். அந்த ஆசான் முதல் பாடத்தைத் தப்பாக நடத்திவிட்டால் என்ன செய்வது என்று யோசித்ததே இல்லை. முதலில் பழகிய ஒரு மேலாளரை வைத்து எல்லா மேலாளரையும் அளந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு கடன்காரன் ஏமாற்றினான் என்று அப்புறம் வந்த நல்லவர்களுக்கெல்லாம் கதவடைத்தவர்களையும் தெரியும்.

குஞ்சிலும் போராடிப் பார்க்கிற பறவைகள் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஃபேரிரென் என்று ஒரு நீலச் சிட்டு. தாய் அடைகாக்கிற கடைசி நாள்களில் முட்டையைப் பார்த்து ஒரு ராகம் பாடுகிறது. உள்ளே இருக்கிற குஞ்சு அதைக் கேட்கிறது. பொரிந்த பிறகு அந்த ராகத்தின் ஒரு துண்டைச் சேர்த்துப் பசிக்குரல் கொடுக்கிறது. தாய் பாடிய துண்டும் குஞ்சு கொடுக்கிற துண்டும் ஒத்துப்போனால் ஊட்டு நடக்கும். அங்கத்துக் குயில் குஞ்சு முந்திப் பொரிந்துவிடுவதால் கற்க அதற்கு நாள் போதாது. 2012இல் கொலம்பெல்லி நெக்ரல், கிளைண்டார்ஃபர் குழு அடிலெய்டு பக்கம் கண்டது இது. ஆனாலும் இந்தக் காவல் முழுசாகப் பலிப்பதில்லை. 2003இல் லாங்மோர், ஹண்ட், கில்னர் மூவரும் எழுதியதைப் பார்த்தால், ஒருவகைக் குயில் குஞ்சு தனித்து இருந்த கூடுகளில் பத்துக்கு நான்கைத்தான் ஃபேரிரென்கள் கைவிட்டன. மீதி ஆறில் ஊட்டல் தொடர்ந்தது. டார்வின் நகரத்துச் சதுப்புக் காட்டில் ஜெரிகோன் என்ற இன்னொரு சிட்டு, குயில் குஞ்சைக் கவ்வி இழுத்து வெளியே போடுவதையும் படம் பிடித்திருக்கிறார்கள்.

கனடாவில் நாமக்கோழியின் வழி இன்னும் வேடிக்கை. அங்கே திருடுவது வேறு இனம் அல்ல, பக்கத்து நாமக்கோழியே. புரூஸ் லயன் 2003இல் எழுதினார்: தன் முட்டை எத்தனை என்று எண்ணி, அயல் முட்டையைக் கணக்கில் சேர்க்காமல் ஓரத்துக்குத் தள்ளுகிறது. அவரும் ஷிசுகாவும் பின்னாளில் கண்டது இன்னொன்று. முதல் நாள் பொரிகிறவை அநேகமாகச் சொந்தக் குஞ்சுகளே என்பதால், அவற்றைப் பார்த்து மனதில் ஓர் அச்சு வைத்துக்கொண்டு, பிந்திப் பொரிகிறவற்றை அதோடு ஒப்பிடுகிறது. ஒத்துவராததைக் கொத்தி விரட்டிவிடும். லோட்டம் சொன்ன சிக்கலுக்குக் கோழி கண்ட குறுக்குவழி.

இத்தனை தந்திரமும் சும்மா வராது. நாணல் குருவி சில சமயம் பயத்தில் தன் முட்டையையே வெளியே போட்டுவிடுகிறது. அதனால் கூட்டருகே குயிலைக் கண்ணால் பார்த்தால்தான் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மற்ற நேரம் குறைத்துக்கொள்கிறது. அலகு சின்னதான பறவை அயல் முட்டையை ஓட்டை போட்டுத் தூக்கப்போய்ப் பக்கத்து முட்டையையும் உடைத்துக்கொள்ளும். சில ஊரில் பழிவாங்கலும் உண்டு. ஸ்பெயினில் மேக்பை என்ற காக இனம், குயில் முட்டையைத் தள்ளினால் குயில் திரும்பி வந்து கூட்டைச் சூறையாடுவதை 1995இல் சோலெர் குழு எழுதியது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஹூவரும் ராபின்சனும் கௌபேர்டு முட்டையைத் தாங்களே எடுத்துப் பார்த்தார்கள். அப்படி எடுத்த கூடுகளில் 56 சதவீதம் சூறையாடப்பட்டன. முட்டையை விட்டுவைத்த கூடுகளில் 6 சதவீதம்தான். மாமூல் கொடுக்காத கடை உடைவது அங்கும் உண்டு.

இதைப் படித்தபோது பழைய சம்பவம் ஒன்று வந்தது. கொக்கி போட்டு மின்சாரம் எடுக்கிறவர்களைப் பிடிக்க நாங்கள் வீடு வீடாகப் போவதுண்டு. ஒரு தெருவில் வரிசையாக மூன்று வீட்டில் பிடித்தாயிற்று. நாலாவது வீட்டிலும் மீட்டர் ஓட்டம் சந்தேகமாகத்தான் இருந்தது. வீட்டில் ஒரு அம்மாள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. என்னோடு வந்தவர் கட்டரை எடுத்தார். ஃபோர்மேன் தடுத்தார். "மூணு பேரை விட்டா போர்டுக்குக் காசு நட்டம். ஒரு வீட்டைத் தப்பா வெட்டிட்டா, அந்தப் புள்ள ராத்திரி இருட்டுல உக்காரும். மீட்டரை மாத்திப் போட்டு ஒரு மாசம் பாரு." மாற்றிப் பார்த்தார்கள், மீட்டர்தான் பழுது. அவர் எந்தப் பறவை ஆராய்ச்சியும் படித்தவர் அல்ல. விட்டுவிட்டால் எவ்வளவு நட்டம், தப்பாக வெட்டினால் எவ்வளவு நட்டம் என்று இரண்டையும் தட்டில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்.

காகம் போடுவதும் அதே கணக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. குயில் முட்டை காக முட்டையோடு ஒத்துப்போகிறது. காகக் குஞ்சும் சில கூட்டில் பிழைக்கிறது. ஒரு வருஷம் போனால் அடுத்த வருஷம் இருக்கிறது. காகம் நீண்ட நாள் வாழ்கிற பிராணி. இந்த நிலையில் முட்டையைத் தூக்கி எறிய ஆரம்பித்தால் எதை எறிவது? எந்த ரெண்டு? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் லாகூரில் அதிகாரியாக இருந்த டக்ளஸ் டீவர், காகக் கூட்டில் கோழி முட்டையைக்கூட வைத்துப் பார்த்தார். காகம் அதன்மேலும் உட்கார்ந்தது. கூட்டுக்குள் வந்துவிட்டதைக் காகம் கேள்வி கேட்பதில்லை. அதன் கோபமெல்லாம் வாசலில். கம்பத்தில் ஏறியவன் முகத்தை அது மறந்ததே இல்லை. நான் சைக்கிளில் போனால்கூட அந்தத் தெருவில் குரல் கொடுக்கும். புத்தி இல்லாத பறவை அல்ல அது. எங்கே புத்தியைச் செலவழிப்பது என்று தேர்ந்தெடுத்துக்கொண்ட பறவை.

வடக்கு ஸ்பெயினில் ஒரு காக இனத்தைக் கவனித்த கனெஸ்ட்ராரி குழு 2014இல் எழுதியது இதற்கு ஒரு திருப்பம். அங்கத்துக் குயில் குஞ்சைப் பிடித்தால் சகிக்க முடியாத நாற்றத்தில் ஒரு திரவத்தைக் கக்கும். பூனையும் பருந்தும் அதைக் கண்டால் ஒதுங்கும். கூடு கலைக்கிற எதிரிகள் அதிகமான வருஷங்களில், குயில் குஞ்சு இருந்த கூட்டில்தான் காகக் குஞ்சுகளும் கூடுதலாகப் பிழைத்தன. எதிரி குறைந்த வருஷத்தில் நட்டம். நம் குயிலிடம் இப்படி ஒன்று இருப்பதாக நான் படித்ததில்லை. வாடகை தராத குடித்தனக்காரன் என்று நாம் நினைத்தவன் சில வருஷம் காவலும் காத்திருக்கிறான்.

அதனால் உங்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். பங்குனியிலிருந்து ஆடிவரை காகம் கூடு கட்டும் காலம். மரக்கிளை கழிப்பதானால் ஆவணிக்கு மேல் ஆளைக் கூப்பிடுங்கள். கம்பத்துக் கூட்டில் கம்பி தொங்கினால் நீங்கள் குச்சியால் தட்டாதீர்கள், ஆபத்து. மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள், ஆள் வரும். குயில் குஞ்சு ஒன்று முற்றத்தில் விழுந்து கிடந்தால் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சோறு ஊட்டாதீர்கள். நாயையும் பூனையையும் கட்டிவையுங்கள்; குஞ்சை எட்டுகிற கிளையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தலையில் ஒரு கொத்து விழக்கூடும், துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குஞ்சைத் தேடிக்கொண்டு இரையோடு வருவது காகமாகத்தான் இருக்கும்.